மந்திரிக்கும் அடிக்கிற கதவு

வில்லியனூர்க் கடைத்தெருவில் ஆசிபாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர் இன்னும் பிறக்கவில்லை. குடம் மட்டும் போதும் என்று அவளுடைய பாத்திரக்கடைக்குள் நுழைகிறவர், குடத்தோடு ஒரு தாம்பாளத்தையும் நாலு கரண்டியையும் சுமந்துகொண்டு, இதற்கெல்லாம் நாம் எப்போது தலையாட்டினோம் என்று யோசித்தபடியே படியிறங்குவார். பாத்திரத்தில் பேர் வெட்டுவதும் அவள்தான். சின்ன மிஷினைக் கையில் பிடித்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு அவள் வெட்டினால் எழுத்து அச்சுப்போல் விழும். அப்படிப்பட்ட வாயும் கையும் உள்ளவள் ஒரு பீப் சத்தத்துக்கு நடுங்குகிறாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆனால் நடுங்கினாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நோன்புப் பெருநாளைக்குத் துணி எடுக்க டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தாள். பணம் கட்டி, பில் வாங்கி, வாசலைத் தாண்டும்போது கதவோரம் நின்ற மிஷின் வீல் வீலென்று கத்தியது. திருட்டுப் போகாமலிருக்கத் துணியில் மாட்டியிருந்த டேகைப் பில் போட்ட பெண் கழற்ற மறந்துவிட்டாள், விஷயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவைக் கண்டுபிடிப்பதற்குள் ஆசிபாவை மாடிப்படிக்குக் கீழே இருந்த ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டபோது, "செக் பண்ணாங்க, ஒண்ணும் இல்லன்னு வுட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் கணவர் அப்துல் சமதும் அதற்குமேல் துருவவில்லை.

அன்றைக்குப் பிடித்த சனியன் விடவே இல்லை. சூப்பர் மார்க்கெட் வாசலில் காவலாளியைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஏடிஎம் சத்தம் போட்டால் கார்டை மிஷினுக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள். எதிர்வீட்டு விஜயகுமாரி மைக்ரோவேவ் வாங்கிய அன்று கேக் சாப்பிடப் போனவள், அது 'பீப்' என்றதும் தட்டைக் கீழே போட்டு உடைத்தாள். நல்ல பீங்கான் தட்டு. விஜயகுமாரி வாய் திறக்கவில்லை, அவள் அப்படிப்பட்ட தங்கம்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் புனேயிலிருந்து தங்கச்சி ஃபைஜா நல்ல செய்தி சொன்னாள். தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வரவேண்டியது முறை. தாய் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது, ஃபைஜாவுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து நிக்காஹ் செய்துகொடுத்தது வரை ஆசிபாதான் எல்லாம். ஆக, வில்லியனூர்தான் அவளுக்குத் தாய் வீடு. ஆனால் டாக்டர் அம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, பயணம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அவ வரமுடியலன்னா இன்னா, நாம போவோம்" என்றார் சமது. இரண்டு பேருக்கும் விமான டிக்கெட் எடுத்தார். அவர் கூட இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எப்படியாவது அந்தச் சோதனையைத் தாண்டிவிடலாம் என்று ஆசிபாவும் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது, நெட்டப்பாக்கத்திலிருந்து வந்த கரும்பு டிராக்டர் ஒரு கரும்பை ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போயிற்று. அதன்மேல் சமது பைக்கை ஏற்றினார். கால் எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு.

"கரும்பு தின்னக் கூலி வேணாம்தான், அதுக்காக அது மேல பைக்கையா ஏத்துவீங்க?" என்று ஆசிபா கத்தினாள். கத்தி முடித்ததும் விஷயம் உறைத்தது. இனி அவள் தனியாகப் போக வேண்டும். ஏர்போர்ட்டில் சத்தம் போடுகிற அந்தக் கதவை, பொம்பளைகளைச் சோதிக்கிற அந்தத் திரை போட்ட அறையை, தன்னந்தனியாகத் தாண்ட வேண்டும்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஃபைஜாவே போன் செய்தாள். அக்காவின் குரலைக் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா, உனக்கு முடியலன்னா பரவால்லக்கா. இங்க வூட்டோட வந்து பாத்துக்கற நர்ஸு கிடைக்கறாங்க. அவரு ஒருத்தர்கிட்ட பேசி வச்சிருக்காரு. நீ டென்ஷன் ஆவாத."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆசிபாவுக்கு அது நெஞ்சில் நேராகப் போய்க் குத்தியது. தான் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு, முகம் தெரியாத யாரோ ஒரு பொம்பளை சுடுதண்ணி வைப்பாளாம். அக்கா இங்கே உட்கார்ந்து குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருப்பாளாம்.

"நர்ஸும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அன்று ராத்திரியும் சோற்றைத் தொடவில்லை.

இதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார் சமது. அவருக்குக் கால்தான் உடைந்திருந்தது, மூளை நன்றாகவே ஓடியது. எதிர்வீட்டுக் குழந்தைவேலுவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

குழந்தைவேல் பந்தல் காண்டிராக்டர். விஜயகுமாரியின் வீட்டுக்காரர். கல்யாணம், மஞ்சள் நீர், அரசாங்க விழா எதுவானாலும் கொட்டகை, நாற்காலி, மைக் எல்லாம் அவருடையது. மந்திரி வருகிற விழாக்களுக்கென்று பழைய சாமான் விலைக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் கதவும் வாங்கிப் போட்டிருந்தார். அதன் லட்சணம் ஊருக்கே தெரியும். யார் உள்ளே போனாலும் அடிக்கும். மந்திரி போனாலும் அடிக்கும். ஆள் போகாவிட்டாலும், காற்று பலமாக வீசினால் அடிக்கும்.

"வேலு, அந்தக் கதவ கொணாந்து நம்ம கடை முன்னாடி நிறுத்து" என்றார் சமது.

"இன்னா பாய், கடைக்கு மந்திரி வராரா?"

"என் பொண்டாட்டி புனேவுக்குப் போறா. அவளுக்கு நெட் பிராக்டிஸ் குடுக்கணும்."

வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்த பிறகு கதவு வந்து இறங்கியது. வாசலில் நிறுத்தி வயரைச் சொருகினார்கள். சமதை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து நிழலில் உட்கார வைத்தார்கள். இரண்டு பந்தல் துணியை மூங்கிலில் கட்டி, ஏர்போர்ட்டில் பெண்களுக்கு இருப்பதுபோல் மறைப்பும் தயார். விஜயகுமாரி காக்கி நிறத்தில் ஒரு சுடிதாரைத் தேடி மாட்டிக்கொண்டு, சப்பாத்திக் கட்டையை சோதனைக் கம்பியாகப் பிடித்து மறைப்புக்குள் விறைப்பாக நின்றாள். பூ விற்கும் செங்கமலம் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னாடி நாடகமா, டிக்கெட்டு எவ்ளோ?" என்று கேட்டு முதல் வரிசையில் குந்திக்கொண்டாள்.

ஆசிபாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே கதவுக்குள் கால் வைத்தாள். கதவு அடித்தது. மறைப்புக்குள்ளிருந்து விஜயகுமாரி, போட்ட வேஷத்தோடு ஒன்றிப்போய், அதட்டலாகக் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

அவ்வளவுதான். ஆசிபா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் அழுதாள்.  குழந்தைவேல் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்.

விஜயகுமாரி கட்டையை வீசிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, மன்னிச்சிடுக்கா. நான் ஒரு லூசு. இன்னாக்கா ஆச்சு உனக்கு அங்க?"

ஆசிபா அன்றைக்குத்தான் சொன்னாள். பந்தல் துணிக்குப் பின்னால், விஜயகுமாரியிடம் மட்டும். அந்த அறையில் ஒரு பொம்பளை பர்தாவைக் கழற்றச் சொன்னாளாம். அப்புறம் ஒரு வார்த்தை கேட்காமல் கையை எங்கெங்கோ விட்டுத் தேடினாளாம். கதவுக்கு வெளியே ஆம்பளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டதாம். கடைசியில் டேகைக் கண்டுபிடித்துக் கழற்றிவிட்டு, "சரி, போ" என்றாளாம்.

"போன்னு சொன்னாடி. தப்பு எங்களுதுன்னு சொல்லல. ஒரு சாரி கூட சொல்லல. நான் வேற, வுட்டா போதும்னு தலைய குனிஞ்சிகினு வந்துட்டேன். கடையில அவ்ளோ பேசுற எனக்கு அங்க ஒரு வார்த்த வரலடி விஜயா."

விஜயகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது, அதோடு கோபமும் வந்தது. ஜவுளிக்கடைக்காரனின் வம்சத்தையே இரண்டு நிமிஷம் நன்றாகத் திட்டினாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இனிமே நான் உன்ன கேட்டுட்டுத்தான் தொடுவேன். எங்க கை வைக்கப்போறேன்னு முன்னாடியே சொல்லுவேன். நீ சரின்னா வைப்பேன், இல்லன்னா இல்ல. அங்கயும் நீ வாயத் தொறந்து அத கேக்கணும். சும்மா கைய தூக்கிகினு நின்னா போதாது."

மறுநாளிலிருந்து ஒத்திகை களைகட்டியது. கதவு அங்கேயே நின்றது. "தோள்ல வைக்கவா?" "வை." "இடுப்புல வைக்கவா?" "இரு, இரு... சரி, வை." முதல் நாள் முழங்கைக்கு மேல் ஆசிபாவால் தாங்க முடியவில்லை. அப்புறம் தோள் வரை வந்தாள். ஒரு நாள் முழுச் சோதனையும் முடிந்ததும் செங்கமலம் கைதட்டி ஒரு முழம் மல்லிகையை இனாமாகக் கொடுத்தாள். அவள் இனாம் கொடுத்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைக்கு வந்தவர்களையும் விடவில்லை. குடம் வாங்க வந்தாலும் கதவு வழியாகத்தான் வரவேண்டும். எல்லோருக்கும் அடித்தது. காஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு அடித்தது, பள்ளிவாசல் மோதினாருக்கு அடித்தது, சந்தா கேட்டு வந்த கட்சிக்காரருக்கு அடித்தது. ஒவ்வொரு தடவையும் சமது நாற்காலியிலிருந்து, "அடிக்கட்டும்! மந்திரிக்கே அடிக்குது!" என்று குரல் கொடுப்பார். கேட்டுக் கேட்டு ஆசிபாவுக்கு அந்தச் சத்தம் காக்கா கத்துவதுபோல் ஆகிவிட்டது. காதில் விழும், வேலையைப் பார்க்கலாம். பேர் வெட்டுகிற மிஷினை எடுத்து, பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையில் 'பெரியம்மா ஆசிபா' என்று கை ஆடாமல் வெட்டி முடித்தாள்.

சமதையும் கடையையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பை விஜயகுமாரி ஏற்றுக்கொண்டாள். கிளம்பும் நாளில் குழந்தைவேல், பந்தல் சாமான் ஏற்றும் தன் குட்டியானை வண்டியிலேயே சென்னைக்குக் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். பக்கவாட்டில் 'எல்லா விசேஷங்களுக்கும் அணுகவும்' என்று எழுதியிருந்த அந்த வண்டி, பளபள கார்களுக்கு நடுவே விமான நிலைய வாசலில் போய் நின்றபோது ஆசிபாவுக்குக் கூச்சமாக இருந்தது. குழந்தைவேலுவுக்கு இல்லை. பெட்டியை இறக்கிவைத்து, "அக்கா, நம்ம கதவவிட மோசமான கதவு இங்க இருக்காது. தைரியமா போ" என்று வழியனுப்பினார்.

வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர். ஆசிபா பிஸ்மில்லா சொல்லி அவர் முன்னால் போய், பழகியபடி இரண்டு கையையும் அகல விரித்து நின்றாள். அவர் ஒரு கணம் திகைத்தார்.

"அம்மா, டிக்கெட், ஆதார் மட்டும் காட்டுங்க. செக்கிங் உள்ள."

கையை மடக்கிக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, பயத்தில் பாதி அந்தச் சிரிப்போடு போயிற்று.

மீதிப் பாதி பாதுகாப்புச் சோதனை வரிசையில் காத்திருந்தது. பை, செருப்பு, போன் எல்லாம் தட்டில் வைத்துப் பெல்ட்டில் தள்ளினாள். பெண்கள் வரிசை நகர நகர நாக்கு வறண்டது. தூரத்தில் அந்தத் திரை தெரிந்தது. கடைசியில் அவள் முறை. கதவு. கண்ணை மூடினாள், "அடிக்கட்டும், மந்திரிக்கே அடிக்குது" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

அடிக்கவில்லை.

அந்தப் பக்கம் போய் நின்று காத்திருந்தாள். இப்போதும் அடிக்கவில்லை. ஆசிபாவுக்குப் பகீரென்றது. அடிக்காமல் ஒரு கதவா? ஏதோ தப்பு நடந்துவிட்டது. தான் சரியாக வரவில்லை போலிருக்கிறது. சட்டென்று திரும்பி, வந்த வழியே கதவைத் தாண்டி, மறுபடியும் நடந்துவந்தாள். சத்தமே இல்லை.

"என்னம்மா பண்றீங்க?" என்று திரையருகில் நின்ற பெண் காவலர் அதட்டினார்.

"அடிக்கலையே?"

"அடிக்கலன்னா நல்லதுதானே? வாங்கம்மா உள்ள, வரிசை நிக்குது."

காவலர் திரையை விலக்கினார். உள்ளே ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இடம். படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையும் இதே அளவுதான். ஆசிபாவின் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ உச்சுக் கொட்டினார்கள். திரும்பி ஓடினால் வெளியே குட்டியானை இன்னும் நிற்கும். ராத்திரிக்குள் வில்லியனூர். புனேயில் அந்த நர்ஸ் சுடுதண்ணி வைப்பாள்.

அவள் உள்ளே கால் வைத்தாள். வைத்ததும் வாயைத் திறந்தாள். "அம்மாடி, எனக்கு ஒரு தடவ ஒரு கடையில மோசமா பண்ணிட்டாங்க. நீ நல்லா செக் பண்ணிக்கோ. ஆனா எங்க கை வைக்கப்போறன்னு சொல்லிட்டு வை."

காவலர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இருந்த அவசரம் கொஞ்சம் இறங்கியது. "சரிங்கம்மா. முதல்ல தோள். வைக்கட்டுமா?"

"வைம்மா."

"அடுத்து முதுகு."

"ம்."

கம்பி கழுத்துப் பக்கம் வந்தபோது பீப் அடித்தது. பர்தாவில் குத்தியிருந்த சேஃப்டி பின்தான். ஆசிபா, "அப்பாடா! அடிச்சிடுச்சு!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். காவலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போர்டிங் பாஸில் முத்திரை குத்திக்கொடுத்தார். திரையை விலக்கி வெளியே வந்த ஆசிபாவுக்கு, யாரையாவது பிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. யாரும் இல்லாததால் தட்டிலிருந்து தன் பையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

விமானத்துக்கு நேரம் இருந்தது. வரிசையாகக் கடைகள். ஒரு கடையில் குழந்தைத் துணிகள் தொங்கின. மஞ்சள் நிறத்தில், காதுவைத்த ஒரு சின்னக் குல்லா. வாசலில் இரண்டு பக்கமும் அதே மாதிரி மிஷின் நின்றது. அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு வாசலை அவள் தாண்டியதே இல்லை. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இதுக்கு இன்னா என்று நினைத்து உள்ளே போனாள். குல்லாவை எடுத்தாள், விலையைக் கேட்டு, குறைக்கச் சொல்லிப் பார்த்து, இது அந்த மாதிரிக் கடை இல்லை என்று தெரிந்துகொண்டு பணம் கட்டினாள். பையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

மிஷின் வீல் வீலென்று கத்தியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலுக்கு நின்ற ஆள் குறுக்கே வந்தார். "மேடம், ஒரு நிமிஷம். கொஞ்சம் உள்ள ரூமுக்கு வாங்க, செக் பண்ணணும்."

ஆசிபாவின் நெஞ்சு படபடவென்று அடித்தது.  ஆனால் கால் ஓடவில்லை, தலையும் குனியவில்லை. வில்லியனூர்க் கடைத்தெருவே அவள் தொண்டைக்குள் வந்து நின்றது.

"ரூமுக்கு இன்னாத்துக்கு? நான் எங்கயும் வரமாட்டேன். இங்கயே பாரு, எல்லாரும் பாக்கட்டும்." நேராகக் கல்லாவுக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தாள். குல்லாவும் பில்லும் விழுந்தன. "நானும் கடைதான் வச்சிருக்கேன். அந்தக் காதுக்குள்ள பாரும்மா. டேக கழட்டினியா நீ?"

பில் போட்ட பெண் குல்லாவைத் திருப்பிப் பார்த்தாள். காதின் மடிப்புக்குள் டேக் இருந்தது. முகம் சுருங்கிப்போய், கழற்றிப் போட்டுவிட்டு, குல்லாவை மறுபடி பையில் வைத்து நீட்டினாள். ஆசிபா வாங்கவில்லை. அப்படியே நின்றாள்.

"மேடம், வேற எதாவது வேணுமா?"

"வேணும். நீ இன்னும் ஒண்ணு குடுக்கல."

அந்தப் பெண் முழித்தாள். பிறகு புரிந்தது. "சாரி மேடம். எங்க தப்புதான். ரொம்ப சாரி." குறுக்கே வந்த ஆளும் தொப்பியைக் கழற்றி, "சாரிம்மா" என்றார்.

யாரோ தரவேண்டிய பாக்கியை வேறு யாரோ கொடுக்கிறார்கள். இருந்தாலும் ஆசிபா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "பரவால்லம்மா. இனிமே பாத்து கழட்டு" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் சிரித்தாள்.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் கடைக்குப் போன் போட்டாள். சமது ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என்பது பின்னால் கேட்ட இரைச்சலிலேயே தெரிந்தது.

"ஆசிபா! கதவு அடிச்சுதா?"

"கதவு அடிக்கலங்க. கடை அடிச்சுது."

"கடையா? அழுதியா?"

"நான் அழல. அவங்க சாரி சொன்னாங்க."

 அந்தப் பக்கம் விஜயகுமாரி அலறினாள், "அக்கா, நீ திரும்பி வந்ததும் அந்த ஜவுளிக்கடைக்கும் ஒரு நாள் போலாம்க்கா!" செங்கமலம் ஏதோ கத்தினாள். அதற்கு நடுவில் குழந்தைவேலுவின் கதவு, யாரும் தாண்டாமலே, அடித்துக்கொண்டிருந்தது.

போனை அணைக்கச் சொல்லி விமானப் பணிப்பெண் வந்தாள். "ஒரே ஒரு நிமிஷம் தாயி" என்று கெஞ்சி, ஆசிபா புனேவுக்குப் போட்டாள். ஃபைஜா எடுத்ததுமே, "அக்கா, எங்க இருக்க? முடியலையாக்கா? வூட்டுக்குத் திரும்பிட்டியா?" என்றாள். அவள் குரலில் அழுகை தயாராக இருந்தது.

"பிளேன்ல குந்திகினு இருக்கேன்டி. பெல்ட்டும் போட்டாச்சு" என்றாள் ஆசிபா. "அந்த நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணி, வேணாம்னு சொல்லிடு."